கார்த்திகையைச் சுற்றி ஒரு நீலப் புகை

கேள்வி: கார்த்திகை மீன்களின் படம் எதை எடுத்தாலும் சுற்றிலும் நீலமாகப் புகை மூட்டம் தெரிகிறதே, அது நிஜமா? நிஜம் என்றால், அந்த விண்மீன்கள் பிறந்தபோது மிஞ்சியதா?

நிஜம்தான். ஆனால் அது புகை இல்லை, தூசி. ஒரு மைக்ரானைவிடச் சின்னத் துகள்கள், அவற்றுக்கென்று சொந்த ஒளி கிடையாது. 1912-இல் அரிசோனாவின் லோவெல் ஆய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் அந்த மூட்டத்தின் நிறமாலையை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையை, எடுத்துப் பார்த்தபோது, பக்கத்திலுள்ள விண்மீனின் நிறமாலை அப்படியே அதில் இருந்தது, அதாவது விண்மீனின் வெளிச்சத்தைத்தான் தூசி சிதறடித்து நமக்கு அனுப்புகிறது. நீலம் அதிகமாகச் சிதறும், அதனால்தான் அந்த நிறம்.

மிஞ்சியதா என்றால், இல்லை. கார்த்திகைக் கொத்துக்கு வயது 10 கோடி ஆண்டுக்கு மேல், பிறந்தபோது இருந்த வாயுவும் தூசியும் எப்போதோ கலைந்துபோயிருக்கும். கொத்து நகர்ந்து போகிற வழியில் சம்பந்தமில்லாத ஒரு தூசி மேகம் குறுக்கே வந்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான்: 440 ஒளியாண்டு தூரத்தில் நடக்கிற ஒரு தற்செயல் சந்திப்பை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: மேகமாகத் தெரிந்தால் சரி. ஒன்றுமே தெரியாத இடத்திலும் தூசி இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

அதைக் காட்டிக்கொடுத்ததே திறந்த கொத்துகள்தான், அதாவது கார்த்திகை மாதிரி ஒன்றாகப் பிறந்து தளர்வாகச் சேர்ந்திருக்கும் விண்மீன் கூட்டங்கள். கலிபோர்னியாவின் லிக் ஆய்வகத்தில் ராபர்ட் டிரம்ப்ளர் 100 கொத்துகளை எடுத்துக்கொண்டார். விண்மீன்கள் எவ்வளவு மங்கலாகத் தெரிகின்றன என்பதை வைத்துத் தூரம், அந்தத் தூரத்தை வைத்துக் கொத்தின் அளவு என்று கணக்குப் போட்டால், தூரம் போகப் போக, ஒரே வகைக் கொத்துகள்கூட, பெரிதாகிக்கொண்டே போயின. சூரியனை நடுவில் வைத்து, தள்ளித் தள்ளி இருப்பதெல்லாம் வளர்ந்துகொண்டே போகுமா என்ன? கொத்து பெரிதாகவில்லை, நடுவில் ஏதோ ஒளியை விழுங்குகிறது, அதனால் உள்ளதைவிடத் தூரமாகக் கணக்கு வருகிறது என்று 1930-இல் அவர் எழுதினார். அதுவரை விண்மீன்களுக்கு நடுவே வெளி பெரும்பாலும் தெளிவாக இருப்பதாகவே பலர் நினைத்திருந்தார்கள்!

தூசி நீலத்தைச் சிதறடித்துவிடுவதால் நம்மிடம் வந்து சேரும் வெளிச்சம் கொஞ்சம் சிவந்திருக்கும், அந்திச் சூரியன் மாதிரி. விண்மீனின் இயல்பான நிறம் நிறமாலையிலிருந்து தெரிந்துவிடும், எவ்வளவு கூடுதலாகச் சிவந்திருக்கிறது என்று பார்த்தால் வழியில் எவ்வளவு தூசி என்பதும் தெரியும். ஒரு கொத்தில் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே தூரத்தில், ஒரே வயதில் இருப்பதால் இந்தக் கணக்குக்கு அதைவிட வசதியான இடம் இல்லை.

கேள்வி: நாமே பார்க்க முடியுமா?

முயலலாம். தீபத்தன்று வேண்டாம், பௌர்ணமி நிலவு கார்த்திகைக்குப் பக்கத்திலேயே நிற்கும். இரண்டு வாரம் கழித்து அமாவாசையை ஒட்டி, ஊர் விளக்கு இல்லாத இடத்தில், ராத்திரி ஒன்பது மணி வாக்கில் அண்ணாந்து பாருங்கள், கொத்து ஏறக்குறைய உச்சியில் இருக்கும். சின்னத் தொலைநோக்கியில் மெரோப்பி என்ற விண்மீனையொட்டி, கண்ணாடியில் ஊதினால் படியும் ஆவி போல லேசாகத் தெரியலாம், நீலமாக எதிர்பார்க்காதீர்கள். அப்புறம், அது லென்ஸில் படிந்த பனியாகவும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருக்கும் ரோகிணிக்குத் திருப்புங்கள், அங்கே இப்படி மூட்டம் கிடையாது. அதைச் சுற்றியும் தெரிந்தால் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.