மலையேற்றத்தில் பெடலை மேலே இழுக்கப் பழக வேண்டுமா?

கேள்வி: தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு ரோட் பைக்கில் ஏறும்போது முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. வட்டமாக மிதிக்க வேண்டும், பெடலை மேலே இழுக்க வேண்டும் என்கிறார்கள். பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப் சப்பாத்து வாங்கிப் பழகினால் சரியாகுமா?

மேலே இழுக்கப் பழகுவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கொட்டகலைப் பக்கத்து இளைஞர்களோடு சேர்ந்து ஓட்டுகிறவன் என்ற முறையில் நான் கண்டவரை, இத்தகைய வலிக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை கடினமான கியரும் தாழ்ந்த சீட்டும்தான். அவற்றைச் சரிசெய்யாமல் மிதிக்கும் முறையை மட்டும் மாற்றினால் வலி நீங்காது.

பெடல் உச்சியில் நிற்கும் இடத்தைக் கடிகாரத்தின் 12 மணி என்று கொண்டால், காலின் விசை சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் 1 மணிக்கும் 5 மணிக்கும் இடையில்தான். தொடையின் முன்தசையும் பிட்டத் தசையும் சேர்ந்து உழைப்பது அங்கேதான். 2007 இல் தோமஸ் கோர்ஃப் என்பவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், சைக்கிளோட்டிகளை 200 வாற் வலுவில், நிமிடத்துக்கு 90 சுற்றில், வெவ்வேறு விதமாக மிதிக்கச் செய்து அளந்தார்கள். மேலே இழுத்து மிதித்தபோது விசை சுற்று முழுவதும் கூடுதல் சீராகப் பரவியது உண்மையே. ஆனால் அதே வலுவைத் தருவதற்கு உடல் செலவிட்ட சக்தி கூடிவிட்டது. 1991 இல் எட்வர்ட் கொய்ல் என்ற ஆய்வாளரின் குழுவினர் தேசிய மட்ட வீரர்களை அடுத்த நிலை வீரர்களோடு ஒப்பிட்டபோதும், சிறந்தவர்கள் கீழ்நோக்கி மிதிப்பதில்தான் அதிக விசை கொடுத்தார்கள்.

அதற்காக ஏறிவரும் காலை மறந்துவிடலாம் என்று பொருளல்ல. பெடல்களைத் தாங்கும் கைகளான இரண்டு கிராங்குகளும் ஒரே அச்சில் எதிரெதிராகப் பூட்டப்பட்டிருப்பதால், ஏறிவரும் கால் பெடலின் மேல் சாய்ந்துகொண்டு வந்தால், அந்தப் பாரத்தையும் இறங்கும் கால்தான் தூக்கியாக வேண்டும். ஆகவே அந்தக் காலின் பாரத்தைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டால் போதும், இழுக்கத் தேவையில்லை.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான கியர். தலவாக்கலை ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; நுவரெலியா 1,868 மீற்றர். அவ்வளவு உயரத்தையும் உங்கள் கால்கள்தான் ஏற்ற வேண்டும். பழைய ரோட் பைக்குகள் பலவற்றில் மிக இலகுவான கியர் முன் பல்சக்கரத்தில் 39 பல், பின் பல்சக்கரத்தில் 25 பல் என்று இருக்கும். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீற்றர் என்பதால், ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி 3.3 மீற்றர் அளவுக்கு நகர்கிறது. மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஏறினால் நிமிடத்துக்குச் சுமார் 51 சுற்றுத்தான் வரும். முன்னால் 34, பின்னால் 34 பல் போட்டால் அதே வேகத்தில் 79 சுற்று வரும். மேடும் வேகமும் ஒன்றே என்பதால் மொத்த வேலை மாறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் தாங்கும் விசை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது. இலகு கியர் பலவீனத்தின் அடையாளம் என்று நம் பையன்களில் பலர் நினைப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது, ஏனென்றால் அந்த எண்ணத்துக்கு விலை கொடுப்பது அவர்களுடைய முழங்கால். பின்னால் பெரிய பல்சக்கரம் போடும் முன், செயினை நகர்த்தும் உங்கள் கியர் மாற்றி (derailleur) அதைத் தாங்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சீட்டின் உயரத்தைப் பார்க்க, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுவாருங்கள். அப்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் 25 முதல் 35 பாகை வரை மடிப்பு இருக்கும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். மிக உயர்ந்திருந்தால் பின்பக்கம் வலிப்பதோடு இடுப்பும் இருபுறமும் ஆடும். சில மில்லிமீற்றராக மாற்றி, ஓரிரு ஓட்டங்களுக்குப் பிறகே மறுபடி தொடுங்கள்.

மிதியைப் பழக ஏற்றம் ஏற்ற இடமல்ல. கிரகரி வாவியைச் சுற்றியுள்ள சமதரைப் பாதை போன்ற இடத்தில், இலகு கியரில், சீட்டில் துள்ளாமல் எவ்வளவு விரைவாகச் சுற்ற முடியுமோ அவ்வளவு விரைவாகச் சில நிமிடம் சுற்றி, பின் ஓய்ந்து, மறுபடி சுற்றுங்கள். ஒரு முழங்கால் 30 விநாடியில் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணி இரட்டித்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது தெரிந்துவிடும். சமதரையில் 80 முதல் 95 வரையும், ஏற்றத்தில் 65 முதல் 80 வரையும் பலருக்குப் பொருந்தும். கிளிப் சப்பாத்து வாங்கிய பின் ஒற்றைக் காலால் மிதிக்கும் பயிற்சியையும் செய்யலாம். மிதிச் சுற்றில் விசை விட்டுப்போய்ச் செயின் தளர்ந்து சொடுக்கும் இடம் எது என்று அந்தப் பயிற்சி காட்டிக்கொடுக்கும், அதற்கு மேல் அதற்குப் பெரிய பயன் இல்லை.

நம் பாதைகளுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். கொண்டை ஊசி வளைவில் உட்பக்க ஓரம்தான் மிகச் செங்குத்தாக இருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், இடப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் அந்தச் செங்குத்து நமக்கே வாய்க்கிறது. இறங்கிவரும் பஸ்ஸை மறந்து வெளிப்பக்கம் போகாதீர்கள். வளைவுக்கு முன்பே, மிதியின் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தி, இலகு கியருக்கு மாற்றிவிடுங்கள். மழையில் பாசி படிந்த பாதையில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும்; அமர்ந்து சீராக மிதிப்பதே அங்கே பாதுகாப்பு.

கிளிப் சப்பாத்து பாதத்தை ஒரே இடத்தில் பிடித்துவைக்கும், வேகமாகச் சுற்றும்போது கால் நழுவாது. வாங்கலாம், ஆனால் கியருக்குப் பிறகு வாங்குங்கள். சப்பாத்தின் அடியில் பெடலோடு பூட்டும் அடிக்கட்டையை (cleat) தவறான கோணத்தில் பூட்டினால் முழங்கால் வலி கூடவும் செய்யும் என்பதால், உங்கள் பாதம் இயல்பாக நிற்கும் கோணத்திலேயே பூட்டச் சொல்லுங்கள். ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும் தறுவாயில் காலை விடுவிக்கும் பழக்கத்தை முதலில் புல்தரையில் பெற்றுக்கொள்ளுங்கள். இவற்றுக்குப் பிறகும் வலி நீடித்தாலோ முழங்கால் வீங்கினாலோ ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.