கேளுங்கள், சொல்கிறேன்: லோரி மோதினால் பொறுப்பு யாருக்கு?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லோரி விபத்து பற்றியவை. ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சித்ரா பௌர்ணமி ஊர்வலப் பாதுகாப்பு முடிந்து திரும்பிக்கொண்டிருந்த எஃப்.ஆர்.யு. என்கிற கலகத் தடுப்புப் போலீசாரின் வண்டியில், 2025 மே 13ஆம் தேதி காலை தெலுக் இந்தானில் கல் ஏற்றி வந்த லோரி மோதியது. நம் திருவிழாவுக்குக் காவல் நின்றவர்களில் 9 பேர் வீடு போய்ச் சேரவில்லை. அந்தத் துக்கம் நம் ஊரை விட்டு இன்னும் போகவில்லை. அதனால் இந்தத் தடவை லோரி பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் கணவர் செம்பனை ஆலையில் வேலை செய்தார், வயது 40. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது குலை ஏற்றிய லோரி மோதி இறந்துவிட்டார். மூன்றாம் நாள் லோரி முதலாளியின் ஆள் உறையில் 10,000 ரிங்கிட் கொண்டுவந்து, ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார். டிரைவரும் நம்ம ஆள்தான், கேஸ் போட்டால் அவர் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்? – வாசகி, ஊத்தான் மெலிந்தாங்

பதில்: அம்மா, முதலில் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீல் ஆபீசில் விபத்துக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இதே மாதிரிக் காகிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே அனுதாப வார்த்தைகள் இருக்கும், கீழே கடைசி வரிக்குப் பக்கத்தில் மலாயில் 'பெனோ டான் முக்தாமாட்' என்று இருக்கும். இது முழுமையான, முடிவான தீர்வு, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று நீங்களே எழுதிக் கொடுப்பதாக அர்த்தம். வந்தவர் காரியச் செலவுக்கு என்று மனதாரக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வெறும் ரசீதுக்கு மேல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

டிரைவர் குடும்பம் நடுத்தெருவுக்கு வரும் என்பது உங்கள் நல்ல மனசைப் பிடித்து இழுக்கிற பேச்சு. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த லோரியும் ரோட்டில் ஓடக் கூடாது. நஷ்ட ஈடு அந்தக் காப்புறுதியிலிருந்துதான் வரும், டிரைவரின் சட்டைப் பையிலிருந்து அல்ல. அது மட்டுமில்லாமல், வேலை நேரத்தில் வேலைக்காக ஓட்டிய டிரைவரின் கவனக்குறைவுக்கு முதலாளியும் சட்டப்படி பொறுப்பு. வழக்கில் டிரைவர் பெயரும் இருக்கும், முதலாளி பெயரும் இருக்கும். லோரிக்குக் காப்புறுதியே இல்லை என்று தெரிந்தாலும் வழி அடைபடாது. அப்படிப்பட்ட விபத்துகளுக்காகவே காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் எம்.ஐ.பி. என்ற அமைப்பு இருக்கிறது, அங்கே விண்ணப்பிக்கலாம்.

எவ்வளவு கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், 10,000 ரிங்கிட் எவ்வளவு சின்னத் தொகை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. துக்கத்துக்கு என்று மட்டும் 30,000 ரிங்கிட் அதில் இருக்கிறது. அடக்கச் செலவு தனி. பெரிய பகுதி, அவர் சம்பளத்தை நம்பியிருந்த குடும்பத்துக்கான ஆதரவுத் தொகை. இறந்தவருக்கு 30 வயதுக்கு மேல் என்றால், 60இலிருந்து வயதைக் கழித்து வருவதில் பாதியை ஆண்டுக் கணக்காக எடுப்பார்கள். 40 வயது என்றால் 10 ஆண்டு. அவர் மாதம் 1,600 ரிங்கிட் வீட்டுக்குக் கொடுத்தார் என்று சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் காட்டினால், 1,600ஐ 12ஆல் பெருக்கி 10ஆல் பெருக்குங்கள்: 1,92,000. உங்கள் கணவர் பக்கமும் தவறு இருப்பதாக நீதிமன்றம் சொன்னால் அந்த அளவுக்குக் குறையும். ஆனாலும் அந்த உறைக்கும் இந்தக் கணக்குக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

சொக்சோவை, அதாவது மலாயில் பெர்கேசோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தை, மறந்துவிடாதீர்கள். வேலை இடத்துக்கும் வீட்டுக்கும் இடையே போகும்போது நடந்த விபத்தும் பெர்கேசோ கணக்கில் வேலை விபத்துதான். உங்கள் கணவரின் முதலாளி 48 மணி நேரத்துக்குள் அங்கே தெரிவிக்க வேண்டும். அவர்கள் தெரிவித்தார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் நீங்களே பெர்கேசோ அலுவலகத்துக்குப் போங்கள். மாதாமாதம் வரும் வாரிசுத் தொகையில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. சொக்சோ கேட்டதால் லோரி மேல் வழக்குப் போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், இரண்டும் வேறு வேறு வழி.

அடுத்து சொல்லப் போகிறதைத்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். விபத்து என்றதும் டிரைவர் வேகமாக வந்தார், தூங்கிவிட்டார் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஏன் வேகமாக வந்தார், ஏன் தூங்கினார் என்று யாரும் கேட்பதில்லை. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் போட்டுவிட வேண்டும் என்பார்கள், தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கும். டிரைவருக்கோ பல இடங்களில் டிரிப் கணக்கில்தான் காசு. பழம் நிறைய விழும் மாதங்களில் ஆலை வாசலில் லோரி வரிசை நிற்கும். வரிசையில் போன நேரத்தை ரோட்டில் பிடிக்கப் பார்க்கிறார், அதோடு ஒரு டிரிப்பில் இரண்டு டிரிப் சுமையை ஏற்றிவிடுகிறார்கள். சுமை கூடினால் பிரேக் பிடிக்கிற தூரம் கூடும், டயர் சூடேறி வெடிக்கும், வளைவில் வண்டி சாயும்.

இதை நிரூபிக்க ஆதாரம் உண்டு. ஆலைக்குள் போகிற ஒவ்வொரு லோரியும் எடைப் பாலத்தில் ஏறி இறங்கும். அந்தச் சின்ன டிக்கெட்டில் லோரி எண், தேதி, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், சுமையோடு எடை, வெறும் வண்டி எடை எல்லாம் இருக்கும். லோரிக் கதவுப் பக்கம் சுமையோடு எவ்வளவு எடை இருக்கலாம் என்று பெயிண்டில் எழுதியிருக்கும். உங்கள் கணவர் மேல் மோதிய லோரி ஆலைக்குப் போகிற வழியில் இருந்திருந்தால், அன்றைய சுமைக்கு டிக்கெட் இருக்காது. ஆனால் அதே லோரியின் முந்தைய டிரிப்புகளுக்கு இருக்கும். அன்று காலையிலிருந்து எத்தனை டிரிப், முந்தின இரவு எத்தனை மணி வரை ஓடியது, வழக்கமாக எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்பதெல்லாம் அந்தக் காகிதங்களில் கிடக்கிறது. உங்கள் வக்கீலிடம் இதைச் சொல்லுங்கள், நீதிமன்றம் வழியாக அதைக் கேட்டு வாங்கலாம். கூடவே வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் புஸ்பகோம் சோதனைப் பதிவையும் கேட்கச் சொல்லுங்கள். சரக்கு லோரி 6 மாதத்துக்கு ஒரு முறை அந்தச் சோதனைக்குப் போக வேண்டும்.

போலீசிடமிருந்து புகார் நகல், 'ராஜா காசார்' என்கிற விபத்து இட வரைபடம், படங்கள் ஆகியவற்றைக் கட்டணம் கட்டி வாங்கலாம். டிரைவர் மேல் கிரிமினல் வழக்கு வருமா என்பது போலீசும் அரசு வழக்கறிஞரும் முடிவு செய்வது. அதற்காக உங்கள் நஷ்ட ஈடு வழக்கு காத்திருக்க வேண்டியதில்லை. ஆதரவுத் தொகை வழக்கை இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும். மூன்று ஆண்டு நிறைய இருக்கிறது என்று நினைக்காதீர்கள் அம்மா, டிக்கெட்டும் சாட்சியும் அவ்வளவு நாள் நமக்காக உட்கார்ந்திருக்காது.

கேள்வி: நான் லோரி டிரைவர். பிரேக் சரியில்லை என்று இரண்டு தடவை சொல்லியும் போர்மேன் கேட்கவில்லை. போன வாரம் முன்னால் நின்ற காரை இடித்துவிட்டேன், யாருக்கும் அடியில்லை. இப்போது முதலாளி செலவை என் சம்பளத்தில் பிடிப்பேன் என்கிறார். – தெலுக் இந்தான் வாசகர்

பதில்: தம்பி, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அனுமதித்த பிடித்தங்களைத் தவிர முதலாளி தன் இஷ்டத்துக்குச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. பிடித்தால் சம்பளச் சீட்டோடு தொழிலாளர் துறைக்குப் போங்கள்.

ஆனால் எனக்குக் கவலை சம்பளம் பற்றி இல்லை, பிரேக் பற்றி. பிரேக் பிடிக்காது என்று தெரிந்தே ஓட்டி நாளைக்கு ஓர் உயிர் போனால், முதலாளி சொன்னார் என்பது உங்களைக் காப்பாற்றாது. ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்தால், சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி முதல் தடவையே 5இலிருந்து 10 ஆண்டு வரை சிறை, அதோடு 20,000இலிருந்து 50,000 ரிங்கிட் வரை அபராதம். சிறைக்குப் போகிறவர் நீங்கள்தான். அதனால் வாயால் சொல்வதை நிறுத்திவிட்டு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: லோரி எண், தேதி, என்ன கோளாறு, யாரிடம் சொன்னீர்கள். டேஷ்போர்டில் பிரேக்குக்கான காற்று பிரஷர் முள் இறங்கி நிற்பதைப் படம் எடுத்து அனுப்புங்கள். திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நினைக்கிற வேலையிலிருந்து விலகி நிற்க அது தொழிலாளிக்கு உரிமை கொடுக்கிறது. பிரேக் இல்லாத லோரி அதற்குள் வரும் என்றுதான் நான் நினைக்கிறேன். அப்புறம், அந்தக் கார் விபத்துக்கு 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்தீர்களா? இல்லையென்றால் அது தனிக் குற்றம், இன்றைக்கே போங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. ராத்திரி தோட்டத்து ரோட்டில் விளக்கில்லாமல் நின்ற லோரியின் பின்னால் மோட்டார் சைக்கிளில் மோதி கால் உடைந்துவிட்டது. லைசன்ஸ் இல்லை. போலீஸ் மகனுக்கே சம்மன் கொடுத்துவிட்டது. இனி நஷ்ட ஈடு கேட்க முடியாதுதானே? – ஒரு தாய், பாகான் டத்தோ

பதில்: கேட்கலாம் அம்மா. லைசன்ஸ் இல்லாதது அவன் செய்த தனிக் குற்றம், அதற்குத் தண்டம் கட்டத்தான் வேண்டும். ஆனால் லைசன்ஸ் இல்லை என்பதாலேயே விபத்துக்கு அவன்தான் காரணம் என்று ஆகாது. போலீஸ் சம்மனும் சிவில் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. நீதிபதி தானாக ஆராய்ந்து இவன் மேல் இவ்வளவு, லோரி மேல் இவ்வளவு என்று பொறுப்பைப் பிரித்துச் சொல்வார்.

இங்கே லோரி எப்படி நின்றது என்பதில்தான் எல்லாம். பின் விளக்கு எரிந்ததா, ஒளி வாங்கும் பட்டை இருந்ததா அல்லது சேறு அப்பி மறைந்திருந்ததா, முக்கோணம் வைத்தார்களா, இல்லை வழக்கம்போல ஒரு மரக்கிளையை ஒடித்துப் போட்டுவிட்டுப் போனார்களா? இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு அதே நேரத்துக்கு அந்த இடத்துக்குப் போய், தெரு விளக்கு இருக்கிறதா, எவ்வளவு தூரத்திலிருந்து என்ன தெரிகிறது என்று ஓரமாக நின்று படம் எடுங்கள். பகலில் எடுத்த படம் இந்த வழக்குக்கு உதவாது. மகன் போட்டிருந்த ஹெல்மெட்டை எறிந்துவிடாதீர்கள். காயத்துக்கான வழக்குக்கு 6 ஆண்டு அவகாசம், மருத்துவ அறிக்கைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: ஆஸ்பத்திரியிலேயே ஒரு ஏஜெண்டு வந்து, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், கிடைப்பதில் 30 விழுக்காடு வக்கீலுக்கு என்று கையெழுத்து வாங்கிப் போய்விட்டார். சரியா? – வாசகர், பீடோர்

பதில்: சரியில்லை. ஜெயித்தால் இத்தனை விழுக்காடு என்று வக்கீல் பேரம் பேசுவதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அனுமதிக்கவில்லை. கையெழுத்துப் போட்டதற்காகப் பயப்படாதீர்கள், வக்கீலை மாற்றிக்கொள்ள உங்களுக்கு எப்போதும் உரிமை உண்டு. நேராக வக்கீல் ஆபீசுக்குப் போய் உங்கள் கோப்பு எங்கே இருக்கிறது என்று வக்கீலையே பார்த்துக் கேளுங்கள். ஏஜெண்டு கையில் அடையாள அட்டை நகலும் ஒரிஜினல் போலீஸ் ரிப்போர்ட்டும் இருந்தால் முதலில் அதைத் திருப்பி வாங்குங்கள்.