வாசகர் கேள்வி - பதில்: ராக் இசையில் யார் முன்னோடி?

கேள்வி: ராக் இசையில் மிகப் பெரிய தாக்கத்தை ஏற்படுத்தியவர் யார் என்று எங்கள் நண்பர்களிடையே பெரிய வாதம் நடக்கிறது. ஒருவர் எல்விஸ் பிரெஸ்லி என்கிறார், ஒருவர் பீட்டில்ஸ் என்கிறார், இன்னொருவர் ஜிமி ஹென்ட்ரிக்ஸைத் தவிர வேறு பெயரையே ஏற்க மறுக்கிறார். உங்கள் தீர்ப்பு என்ன?

பதில்: மூவருமே தகுதியானவர்கள்தான். ஆனாலும் நான் முதலிடம் தருவது அமெரிக்கப் பாடகரும் கிட்டார் கலைஞருமான சக் பெர்ரிக்கு. புகழ், விற்பனை, வாசிப்புத் திறமை ஆகிய மூன்றையும் தாக்கத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த வாதம் முடிவில்லாமல் நீள்கிறது. ஒருவர் வந்துபோன பிறகு மற்றவர்களின் விரல்கள் கிட்டாரில் வேறு விதமாக நகரத் தொடங்கினவா, அவர்கள் பாட்டெழுதும் முறை மாறியதா என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்று நான் கருதுகிறேன்.

அந்த அளவுகோலில் பெர்ரியை வைத்துப் பாருங்கள். பூகி-வூகி பியானோக்காரர்கள் இடது கையால் ஓயாமல் உருட்டிக்கொண்டிருந்த தாளத்தை அவர் கிட்டாரின் தடித்த தந்திகளுக்குக் கொண்டுவந்தார். ஒரு விரலை அழுத்தியபடியே வைத்துக்கொண்டு, இன்னொரு விரலை இரண்டு கட்டைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் நகர்த்தினால் அந்த ஓட்டம் கிடைத்துவிடும். கிட்டார் கற்கத் தொடங்கிய ஒருவர் ஒரு மாலை நேரத்துக்குள் அதைப் பிடித்துவிடலாம். 1958-இல் வந்த 'ஜானி பி. குட்' பாடலின் தொடக்கத்தில் அவர் இரண்டு தந்திகளை ஒரே விரலால் அழுத்தி ஒருசேர மீட்டுவதைக் கேளுங்கள்: ஒரே கிட்டார், ஆனால் ஊதுகருவிக் குழு ஒன்று எழுந்து நிற்பதைப் போன்ற ஒலி. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1963-இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டு பெர்ரியின் பாடல்தான். அதே ஆண்டு பீச் பாய்ஸ் பாடிய 'சர்ஃபின் யு.எஸ்.ஏ.' அவருடைய மெட்டில் அமைந்தது. பீட்டில்ஸும் அவருடைய பாடல்களைப் பதிவு செய்தார்கள். பள்ளிக்கூட மணி, கார், நடன அரங்கு என்று பதின்வயதினரின் அன்றாடத்தைச் சின்னக் கதைகளாக எழுதி, அதைத் தானே பாடி, தானே கிட்டாரும் வாசித்தவர் அவர். பின்னால் வந்தவர்கள் ராக் கலைஞர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்ட உருவம் அதுதான்.

எல்விஸ் 1954-இல் மெம்ஃபிஸ் நகரில் ஆர்தர் கிரடப்பின் பாடலைத் தன் குரலில் பதிவு செய்தபோது ஒரு தலைமுறைக்கே ஆசை மூட்டினார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆசை மூண்ட அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பழகியது பெரும்பாலும் பெர்ரியின் வாசிப்பைத்தான்.

பீட்டில்ஸுக்கு என் கணக்கில் இரண்டாம் இடம். 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர்களை ஏறத்தாழ 7.3 கோடிப் பேர் பார்த்தார்கள் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1966 ஏப்ரலில் லண்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தது. 'டுமாரோ நெவர் நோஸ்' என்ற பாட்டுக்காக, ஒலி பதிந்த நாடாத் துண்டுகளை வளையங்களாக ஒட்டி, கட்டடத்தின் வெவ்வேறு அறைகளில் இருந்த கருவிகளில் ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள்; நாடா தளர்ந்துவிடாமல் இருக்க ஊழியர்கள் அதைப் பென்சிலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேடையில் வாசித்ததை அப்படியே பிடித்து வைக்கும் இடமாக இருந்த ஒலிப்பதிவுக் கூடம், அந்த ஆண்டு முதல் தானே ஓர் இசைக்கருவியாகிவிட்டது.

கேள்வி: கோடிக்கணக்கில் விற்ற குழுக்களே அதிகத் தாக்கம் ஏற்படுத்தியவை என்று கொள்வதில் என்ன தவறு?

பதில்: வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் முதல் இசைத்தட்டு இதற்கு விடை சொல்லும். 1967 மார்ச்சில் வெளிவந்தபோது அதை வாங்கியவர்கள் மிகச் சிலரே. வானொலி நிலையங்களும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஜான் கேல் வயலினைவிடச் சற்றுப் பெரிய தம் வயோலாவில் ஒரே சுரத்தை நீட்டி இழுக்க, மொரீன் டக்கர் நின்றபடி முரசறைவதைப் போல டிரம்ஸ் வாசிக்க, லூ ரீட் போதை மருந்தையும் தெருவோர வாழ்க்கையையும் பற்றிப் பேச்சுக்குரலில் பாடிய அந்த இசையை, வாங்கிய அந்தச் சிலரில் பலர் தாங்களே குழு தொடங்கும் அளவுக்கு மனத்தில் ஏற்றிக்கொண்டார்கள். பிந்தைய பங்க் இசையிலும் அதற்குப் பின் வந்த மாற்று ராக் இசையிலும் அவர்களின் தடம் இல்லாத இடம் குறைவு.

அந்தத் தடம் இசையைத் தாண்டியும் சென்றது. நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் 1968-இல் நியூயார்க் சென்றிருந்தபோது இந்தக் குழுவின் இசைத்தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு செக்கோஸ்லோவாக்கியாவுக்குத் திரும்பினார். அதே ஆண்டு சோவியத் படைகள் பிராக் நகருக்குள் நுழைந்தன. அதன்பின் அங்கே உருவான 'பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் த யூனிவர்ஸ்' என்ற குழு, வெல்வெட் அண்டர்கிரவுண்டின் பாடல்களை வாசித்தே வளர்ந்தது. 1976-இல் அரசு அவர்களைக் கைது செய்து வழக்குத் தொடுத்ததும் ஹாவெல் உள்ளிட்ட எழுத்தாளர்கள் அவர்களுக்காகக் குரல் கொடுத்தார்கள்; அந்த ஒற்றுமையிலிருந்துதான் 1977 ஜனவரியில் 'சாசனம் 77' என்ற மனித உரிமை அறிக்கை பிறந்தது. 1989 இறுதியில் ஹாவெல் அந்நாட்டின் அதிபரானார். விற்பனைப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்கு இந்த வரலாறு முழுவதும் கண்ணில் படாமலே போய்விடும்.

கேள்வி: ஹென்ட்ரிக்ஸைப் போல எவரும் கிட்டார் வாசித்ததில்லை. அவருக்கு முதல் மூன்று இடங்களில் ஒன்றுகூட இல்லையா?

பதில்: வாசிப்புக்கு என்றால் கேள்வியே இல்லாமல் அவருக்குத்தான் முதலிடம். வலக்கைக்காரர்களுக்கான கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி இடக்கையால் மீட்டினார். ஒலிபெருக்கியும் கிட்டாரும் ஒன்றையொன்று தூண்டி எழுப்பும் கூச்சலைப் பாட்டின் சுரமாகவே பயன்படுத்தினார். 1969 ஆகஸ்ட் 18 காலையில் வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில் அமெரிக்க தேசிய கீதத்தை அவர் வாசித்த பதிவை இன்றும் என்னால் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை; கீதத்தில் குண்டுகள் என்ற சொல் வரும் இடத்தில் குண்டுகளே விழுகின்றன. ஆயினும் அவருடைய கலையின் பெரும்பகுதி அவருடைய கைகளோடு கட்டுண்டது. அவரைப் பின்பற்றியவர்கள் பல்லாயிரம் பேர், அவரைப் போல ஒலித்தவர்கள் மிகச் சிலர்.

மூன்றாம் இடத்தை நான் பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமிக்குத் தருவதற்கும் அதுவே காரணம். பர்மிங்ஹாம் நகரின் தகரப் பட்டறை ஒன்றில் 17 வயதில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அயோமி, வேலையின் கடைசி நாளன்று இயந்திரத்தில் வலக்கை நடுவிரல், மோதிர விரல் ஆகிய இரண்டின் நுனிகளையும் இழந்தார். அவர் இடக்கைக்காரர் என்பதால் தந்திகளை அழுத்த வேண்டியவை அந்த விரல்கள்தான். தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் கிட்டார் மேதையாக விளங்கிய ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைப் பட்டறையின் மேலாளர் கொண்டுவந்து போட்டுக் காட்டியதும் அவருக்கு நம்பிக்கை பிறந்தது. பாத்திரம் துலக்கும் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல்நுனிக்குத் தக்க உறையாக வடித்து, அது வழுக்காமலிருக்க மேலே தோலை ஒட்டிக்கொண்டார். தடித்த தந்திகள் வலித்ததால் மெல்லிய தந்திகளைக் கட்டினார். பிறகு, 1971-இல் வந்த மூன்றாவது இசைத்தட்டின் சில பாடல்களில், தந்திகளை மூன்று அரைச்சுரம் தளர்த்திச் சுருதியையே இறக்கினார். அந்த இருண்ட, கனத்த ஒலியிலிருந்து ஹெவி மெட்டல் என்ற ஒரு முழுப் பிரிவே கிளைத்தது. சுருதி இறக்கிய கிட்டாரோடு இன்று எந்த நாட்டில் எந்தக் குழு மேடையேறினாலும் அங்கே அயோமி இருக்கிறார்.

கேள்வி: உங்கள் பட்டியலில் பெண்களே இல்லையே?

பதில்: நியாயமான குறை. சிஸ்டர் ரோசெட்டா தார்ப் இந்த வரிசைக்கே முன்னால் நிற்க வேண்டியவர். தேவாலயப் பாடல்களை எலெக்ட்ரிக் கிட்டாரோடு இணைத்து அவர் 1944-இல் பதிவு செய்த பாடலைக் கேட்டால், ராக் இசை பத்தாண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டதோ என்று தோன்றும். ராக் அண்ட் ரோல் புகழரங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018-இல்தான். அவர் மறைந்து 44 ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.

கேள்வி: பாப் டிலன்?

பதில்: சொற்களைப் பொறுத்தவரை அவருக்கு இணை இல்லை. ஆறு நிமிடத்துக்கு மேல் நீளும் பாடலை வானொலிகள் ஒலிபரப்பும் என்பதை 1965-இல் அவர் மெய்ப்பித்த பிறகு மற்றவர்கள் காதலைத் தவிர வேறு பொருள்களையும் இன்னும் துணிச்சலாக எழுதினார்கள்.

கேள்வி: இந்தத் தாக்கத்தை நாங்களே காதால் கேட்டு உணர வழி உண்டா?

பதில்: உண்டு. லூயி ஜோர்டன் குழு 1946-இல் பதிவு செய்த 'எய்ன்ட் தட் ஜஸ்ட் லைக் எ வுமன்' பாடலின் முதல் சில நொடிகளை மட்டும் கேளுங்கள்; அதில் கிட்டார் வாசிப்பவர் கார்ல் ஹோகன். உடனே 'ஜானி பி. குட்' பாடலின் தொடக்கத்தைக் கேளுங்கள். பெர்ரி யாரிடமிருந்து எடுத்தார், எடுத்ததை எவ்வளவு வேகமும் கூர்மையும் கொண்டதாக மாற்றினார் என்பது அடுத்தடுத்துக் கேட்கும்போது தெளிவாகப் புலப்படும்.