அரசாங்கம் கண்டுபிடித்தால் யாருக்குச் சொந்தம்?

(காப்புரிமை மனு எழுதியே பல வருடம் வயிறு வளர்த்தவன் நான். இந்த வாரக் கேள்விகள் எல்லாமே அமெரிக்காவைச் சுற்றி வந்திருக்கின்றன.)

அமெரிக்க எரிசக்தித் துறையில் ஆய்வகக் கண்டுபிடிப்புகளைச் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு தனி அலுவலகம் இருக்கிறதாமே? தரகு வேலையா? — வாசகர், கோவில்பட்டி

இளக்காரமாகக் கேட்டாலும் பாதி சரிதான். எர்னஸ்ட் மோனிஸ் அமைச்சராக இருந்தபோது, 2015இல் தொடங்கியது அது. துறையின்கீழ் 17 தேசிய ஆய்வகங்கள் உண்டு. அவற்றில் 16ஐ நடத்துவது அரசு அல்ல. பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் ஒப்பந்தத்தில் எடுத்து நடத்துகின்றன. உரிம ஒப்பந்தம் (கண்டுபிடிப்பைப் பயன்படுத்த அனுமதி கொடுப்பது) பேசுவதும் அந்தந்த ஆய்வகத்து ஆட்களே. தலைநகரில் இருக்கும் அலுவலகம் பணம் ஒதுக்கும், பயிற்சி கொடுக்கும், ஆய்வகங்கள் ஆளுக்கொரு வழியில் போகாமல் ஒருங்கிணைக்கும்.

அதற்கு எவ்வளவு பணம்? — வாசகி, தேனி

2005ஆம் வருட எரிசக்திச் சட்டம் ஒரு நிதியை உண்டாக்கியது. நடைமுறைப் பயனுக்கான எரிசக்தி ஆய்வுக்குத் துறை செலவிடுவதில் 0.9 சதவீதம். நூறு ரூபாய்க்குத் தொண்ணூறு காசு! அதையும் சும்மா தருவதில்லை. தனியார் பங்காளியும் தன் பங்குக்குப் பணம் போட வேண்டும். ஆராய்ச்சிக்கு மூட்டையாகக் கொட்டிவிட்டு, அது ஜனங்கள் கைக்குப் போய்ச்சேர இவ்வளவுதானா என்று எனக்கும் எரிச்சல் உண்டு.

விஞ்ஞானிக்கு வியாபாரம் வருமா? — வாசகர், ஆம்பூர்

தானாக வராது. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்த ஆராய்ச்சியாளர்களிடம் "முதல் ஆளாக இதை யார் வாங்குவார்?" என்று கேட்பேன். "எல்லோருக்கும் தேவைப்படுமே!" என்பார்கள். எல்லோருக்கும் தேவை என்றால் வாங்குவதற்கு ஒருவரும் இல்லை என்று அர்த்தம். இதற்காகவே அங்கே 'எனர்ஜி ஐ-கோர்' என்று இரண்டு மாதப் பயிற்சி நடத்துகிறார்கள். விஞ்ஞானிகள் குழுவாகப் போய், வாங்கக்கூடிய 75 பேரையாவது பார்த்துப் பேச வேண்டும். பேசச் சொல்வது விற்பதற்கு அல்ல, காது கொடுத்துக் கேட்பதற்கு. அந்த 17 ஆய்வகங்களுக்கும் இதைவிட உருப்படியான யோசனை வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உருப்படியாகச் சந்தைக்கு வந்தது ஏதாவது? — மாணவர், சேலம்

சிகாகோ பக்கம் இருக்கிற ஆர்கான் ஆய்வகத்தைச் சொல்லலாம். லித்தியம் பேட்டரியின் நேர்முனைக்கு நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த பொருளை உருவாக்கிக் காப்புரிமை வாங்கியது. பாஸ்ஃப், எல்ஜி கெம், ஜெனரல் மோட்டார்ஸ் மூன்றும் உரிமம் எடுத்தன. ஷெவர்லே வோல்ட் காரின் பேட்டரிக்குள் போனது அது.

வரிப்பணத்தில் கண்டுபிடித்ததைத் தனியாருக்குத் தாரை வார்ப்பது அநியாயமில்லையா? — வாசகர், மன்னார்குடி

தாரை வார்ப்பு அல்ல, நிபந்தனையோடு கொடுப்பது. 1980இன் பே-டோல் சட்டப்படி, கண்டுபிடித்த நிறுவனமே காப்புரிமையை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அரசு தன் தேவைக்கு அதை இலவசமாகப் பயன்படுத்தலாம். அந்த வகைக் காப்புரிமைப் பத்திரத்தைத் திறந்தால், 'அரசாங்க ஆதரவில் உருவானது, அரசுக்குச் சில உரிமைகள் உண்டு' என்று ஒரு வரி இருக்கும். அமெரிக்காவுக்குள் விற்கத் தனக்கு மட்டுமே என்று உரிமம் வாங்கியவர், பொருளைப் பெரும்பாலும் அமெரிக்காவிலேயே தயாரிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

நிபந்தனையை எழுதுவது சுலபம். கண்காணிப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் ரிச்லாண்டில் உள்ள பசிபிக் நார்த்வெஸ்ட் ஆய்வகம் வனேடியம் திரவ பேட்டரி (வனேடியம் என்ற உலோகம் கரைந்த திரவத்தில் மின்சாரத்தைச் சேமிப்பது) ஒன்றை உருவாக்கியது. ஆறு வருட உழைப்பு, ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் பொதுப்பணம். அதில் வேலை பார்த்த விஞ்ஞானியே 2012இல் யூனிஎனர்ஜி என்று கம்பெனி தொடங்கி உரிமம் வாங்கினார். உள்நாட்டில் முதலீடு கிடைக்கவில்லை. 2017இல் சீனாவின் தாலியன் நகரத்து ரோங்கே பவருக்கு உள்-உரிமம் (உரிமம் வாங்கியவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் அனுமதி) போனது. 2021இல் உரிமமே நெதர்லாந்தின் வனேடிஸ் பவருக்குக் கைமாறியது. அதே நேரத்தில் ஓர் அமெரிக்கக் கம்பெனி இதே உரிமத்துக்காக ஒரு வருடத்துக்கு மேலாக அலைந்துகொண்டிருந்தது! 2022இல் வானொலி நிருபர்கள் தோண்டித் துருவிய பிறகே துறை விழித்துக்கொண்டு உரிமத்தை ரத்து செய்தது. அதற்குள் தாலியனில் பிரம்மாண்டமான வனேடியம் பேட்டரி நிலையமே எழுந்துவிட்டது.

கம்பெனிக்காரரை மட்டும் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பணம் போட ஊரில் ஆள் இல்லாதபோது பணம் இருக்கும் இடத்துக்குப் போனார். உரிமம் கொடுத்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை "எங்கே தயாரிக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தால் போதும்.

இந்தக் கண்டுபிடிப்புகளை நம் ஊரில் பயன்படுத்த முடியுமா? — தொழில்முனைவோர், ஓசூர்

கேட்க வேண்டிய கேள்வி! அமெரிக்கக் காப்புரிமை அமெரிக்க எல்லைக்குள்தான் செல்லும். அதே கண்டுபிடிப்புக்கு இந்தியாவிலும் மனு போட்டிருக்கிறார்களா என்று சென்னை கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடலில் பாருங்கள், காசு வேண்டாம். இங்கே காப்புரிமை இல்லையென்றால் இங்கே தயாரித்து இங்கே விற்கலாம்; அமெரிக்கா போலக் காப்புரிமை உள்ள நாடுகளுக்கு ஏற்றுமதி மட்டும் கூடாது. ஆனால் ஒன்று. பத்திரத்தில் இருப்பது செய்முறையின் எலும்புக்கூடு. பக்குவம் ஆய்வகத்துக்காரர் கையில் இருக்கும். அதற்கு உரிமம் பேசித்தான் ஆக வேண்டும்.