அந்துப்பூச்சிக்கு முடிந்தது, வௌவாலுக்கு முடியவில்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பசிபிக் கடலில் அமெரிக்க ஆட்சியில் உள்ள குவாம் தீவில் அற்றுப்போன சின்னப் பழந்தின்னி வௌவாலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதே தீவில், அதே இருட்டில் பழம் தேடி வருகிற அந்துப்பூச்சி இன்றும் இருக்கிறதே? பூச்சி பிழைக்கத் தெரிந்தது, வௌவால் தெரியாதது, அவ்வளவுதானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை, அவ்வளவுதான் என்று என்னால் விட முடியாது.

முதலில் அந்தப் பூச்சி. பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி என்பார்கள்; சிறகை மூடி உட்கார்ந்தால் காய்ந்த சருகு, விரித்தால் உள்ளே பளிச்சென்ற ஆரஞ்சு. அதன் உறிஞ்சுகுழலின் நுனியில் முட்கள் உண்டு, ஆரஞ்சுப் பழத்தின் தோலையே துளைத்துவிடும். துளை ஊசி குத்தினாற்போலத்தான் இருக்கும், ஆனால் அதன் வழியே பூஞ்சை நுழைந்து சுற்றிலும் அழுகி, பழம் உதிர்ந்துவிடும். ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும், சில வாரங்களில் அடுத்த தலைமுறை வந்துவிடும். ஆசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் என்று பரவியும் கிடக்கிறது. ஓரிடத்தில் அழித்தாலும் இன்னோரிடத்தில் மிஞ்சும்.

வௌவாலுக்கு இருந்ததோ ஒரே ஒரு தீவு. பழந்தின்னி வௌவால்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும், அதனால் வளர்ந்த ஒரு பெண்ணைச் சுட்டால் அந்த இழப்பு ஈடாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். குவாமில் வௌவால் கறிக்குக் கிராக்கி அதிகம். துப்பாக்கி வந்தது, காடு சுருங்கியது, போதாததற்கு இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவச் சரக்கோடு, மரமேறி இரை பிடிக்கும் பழுப்பு மரப்பாம்பும் வந்து சேர்ந்தது. 1968-ல் வேட்டைக்காரர்கள் சுட்ட ஒரு பெண் வௌவாலோடு உறுதியான பதிவுகள் நின்றுவிட்டன. 2023-ல் அமெரிக்க அரசு இந்த இனம் அற்றுப்போனதாக அறிவித்தது. அதற்குப் பிழைக்கத் தெரியவில்லை என்று சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது. துப்பாக்கியைச் சமாளிக்க எந்த வௌவால் எத்தனை தலைமுறையில் கற்றுக்கொள்ளும்?

அப்புறம், இரண்டும் பழத்துக்கு வந்தாலும் செய்கிற வேலை ஒன்றல்ல. பூச்சி சாற்றைக் குடித்துவிட்டுப் போய்விடும். பழந்தின்னி வௌவால் சதையை மென்று சாற்றை விழுங்கி, சக்கையைத் துப்பும். சின்ன விதைகள் வயிற்றில் போய் எச்சத்தோடு வேறெங்கோ விழும், பெரிய பழத்தை வாயில் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்கே பறந்துவிடும். காடு நகர்வது இப்படித்தான்.

அற்றுப்போன அந்தச் சின்ன வௌவாலின் பெரிய உறவினமான மரியானா பழந்தின்னி வௌவால் குவாமில் கொஞ்சமும், பக்கத்து ரோட்டா தீவில் அதைவிட அதிகமும் இன்னும் இருக்கிறது. அதுவும் சட்டப் பாதுகாப்பில்தான் இருக்கிறது, இருந்தும் திருட்டு வேட்டை நிற்கவில்லை. அடுத்த கடிதத்தில் அதைப் பற்றிக் கேளுங்கள், விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்