நாலரை லட்சத்துக்கு பி.எம்.டபிள்யூ. வாங்கலாமா?

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கடலூர், புதுச்சேரி பக்கத்து வாசகர்கள் பழைய ஜெர்மன் செடான்களைப் பற்றிக் கேட்ட கேள்விகள் மட்டும் இந்த இதழில்.

கேள்வி: பி.எம்.டபிள்யூ. 320டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 2010 கடைசியில் தயாரானது, பதிவு 2011 நவம்பர். மீட்டரில் 1,12,000 கி.மீ. நாலரை லட்சம் சொல்கிறார்கள். புதுசு மாதிரி பளபளவென்று இருக்கிறது. துணிந்து வாங்கலாமா? – மஞ்சக்குப்பம் வாசகர்

பதில்: பளபளப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; பாலிஷ் போட அரை நாள் போதும். நீங்கள் கவலைப்பட வேண்டியது எஞ்சினின் பின்பக்கத்தைப் பற்றி.

ஈ90 எனப்படும் அந்தத் தலைமுறை 320டி-யில் பிற்பாடு வந்தது என்47 என்ற இரண்டு லிட்டர் டீசல் எஞ்சின். ஈ.சி.ஆரில் ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே பாயும், டீசலும் அதிகம் குடிக்காது. அதன் பெரிய சங்கடம், பிஸ்டனையும் வால்வையும் தாளம் தப்பாமல் இயங்கவைக்கும் டைமிங் செயின். பெரும்பாலான எஞ்சின்களில் செயின் முன்பக்கம் இருக்கும். இதில் கியர் பாக்ஸை ஒட்டிப் பின்பக்கம் இருக்கிறது. செயினும் அது ஓடும் பிளாஸ்டிக் கைடும் தேய்ந்துவிட்டால், மாற்றுவதற்கு கியர் பாக்ஸையோ எஞ்சினையோ கீழே இறக்கியாக வேண்டும். சாமான் விலையைவிட கூலி கடிக்கும். அப்படியே விட்டு, ஓடும்போது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சினே போய்விடும். 2011 வாக்கில் இந்தப் பாகங்களைத் திருத்தினார்கள். உங்கள் வண்டி அதற்கு முந்தையது. ஆர்.சி.யில் பதிவுத் தேதியோடு தயாரிப்பு மாதத்தையும் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

சோதிப்பது இப்படி. முதல் நாள் மாலையே விற்பவரிடம், 'காலையில் நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் திறந்து எஞ்சின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அன்றைக்குத் திரும்பி வந்துவிடலாம். குளிர்ந்திருந்தால், வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் முன்கண்ணாடி ஓரமாக நின்று கேளுங்கள். ஐடிலிங்கில் ஒரு நிமிடம், பிறகு 1,500 முதல் 2,000 ஆர்.பி.எம். வரை மெதுவாக ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். டீசல் இன்ஜெக்டரின் 'டக் டக்' சத்தம் மேலிருந்து சீராக வரும், அது சாதாரணம். பின்சுவர்ப் பக்கமிருந்து, இரும்பை இரும்பு உரசுகிற மாதிரி 'கரகர'வென்று, எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அதுதான் செயின். 'சூடானா நின்னுடும் சார்' என்பார்கள். நிற்கலாம், ஆயில் பிரஷர் ஏறி டென்ஷனர் தொய்வை இழுத்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். தேய்ந்தது தேய்ந்ததுதான். செயின் மாற்ற எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி முழுத் தொகையையும் விலையில் கழியுங்கள். மறுத்தால் வேறு வண்டி பாருங்கள்.

சத்தமே இல்லை என்றாலும் பில்களைக் கேளுங்கள். வண்டியின் கம்ப்யூட்டர் 25,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று காட்டும். நம் ஊர் வெயிலுக்கும் நெரிசலுக்கும் அது அதிகம், 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எம்.டபிள்யூ.வின் லாங்லைஃப்-04 தரமுள்ள 5டபிள்யூ-30 ஆயில், 5.2 லிட்டர் பிடிக்கும். முந்தைய ஓனர் 25,000-க்கு ஒருமுறைதான் மாற்றியிருக்கிறார் என்று பில் சொன்னால், செயின் தேய்மானம் தொடங்கிவிட்டது என்றே எடுத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

அடுத்து ஸ்கேனர், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுகளைப் படிக்கும் கருவி. எஞ்சினை மட்டும் ஸ்கேன் செய்தால் போதாது. கியர் பாக்ஸ், ஏர்பேக், லைட் என எல்லா மாடியூல்களையும் (தனித்தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும்) பார்க்க வேண்டும். ஒரு எரர்கூட இல்லாமல் சுத்தமாக இருந்தால் அது சந்தேகத்துக்குரியது. வருவதற்கு முன்பே அழித்திருக்கலாம். கடலூரிலிருந்து புதுச்சேரி வரை ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். மீட்டரைத் திருத்தியிருக்கிறார்களா என்று பார்க்கவும் வழி உண்டு: இந்த வண்டியில் கி.மீ. கணக்கு டேஷ்போர்டு மீட்டரில் மட்டுமல்ல, வேறு மாடியூலிலும் சாவியிலும் பதிவாகிறது. சாவியைப் படிக்கும் கருவி உள்ள இடத்தில் இரண்டு சாவியையும் கொடுத்துப் பாருங்கள். ஒரு சாவிதான் இருக்கிறது என்றால் இன்னொன்றின் விலையையும் கழியுங்கள்.

அந்தப் பயணத்திலேயே 80 கி.மீ. வேகத்தில் பிரேக்கை அழுத்துங்கள். ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க் மட்டும் காரணமல்ல. முன் சக்கர ஆர்மில் உள்ள, உள்ளே எண்ணெய் அடைத்த ரப்பர் புஷ் கிழிந்திருக்கும். கிழிந்த இடத்தில் எண்ணெய் கசிந்து கறுப்பாகப் படிந்திருப்பதை லிஃப்டில் ஏற்றினால் பார்க்கலாம். பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லியின் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். அது பிரிந்தால் பெல்ட் கழன்று ஆல்டர்னேட்டர் நிற்கும்.

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் இசட்.எஃப். நிறுவனத்தின் ஆறு கியர். 'இதுக்கு ஆயுசுக்கும் ஆயில் மாத்த வேண்டாம்' என்று சொல்லி விற்பார்கள். ஆனால் கியர் பாக்ஸ் செய்த இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் தனியாக வராது. பிளாஸ்டிக் ஆயில் பேனோடு சேர்ந்தே வரும், முழுதாக மாற்ற வேண்டும். ஆயில் அளவை எஞ்சின் ஓடும்போது, கியர் ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது சரிபார்க்க வேண்டும். அந்த வெப்பத்தை ஸ்கேனரில் படிக்கத் தெரியாத கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

15 வருடப் பதிவு 2026 நவம்பரில் முடிகிறது. படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.

கையில் இருப்பதே நாலரை லட்சம் என்றால் இந்த வண்டி உங்களுக்கானது இல்லை. ஆறு லட்சம் இருந்து, செயின் சத்தமும் இல்லை என்றால் பேசலாம்.

கேள்வி: பி.ஒய்.01 பதிவு வண்டியைக் கடலூரில் வைத்து ஓட்டலாமா? 'ஆர்.சி.யை மாத்தாம அப்படியே ஓட்டுங்க, எல்லாரும் அப்படித்தான்' என்கிறார் புரோக்கர். – நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: எல்லாரும் ஓட்டுவது உண்மைதான். சட்டம் வேறு சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 47-வது பிரிவுப்படி, வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கத்திய எண் வாங்கியாக வேண்டும். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அரை மணி நேரத் தூரம் என்ற சலுகை எல்லாம் கிடையாது.

புதுச்சேரி ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கடன் இருந்தால் முதலில் படிவம் 35-ல் அதை நீக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30, கடலூரில் டி.என்.31 எண்ணுக்குப் படிவம் 27. தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்டிய பிறகு, புதுச்சேரியில் கட்டியதில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம். வண்டி பழசாக ஆகத் திரும்ப வருவது சொற்பம்.

எண்ணைவிட முக்கியம், ஆர்.சி.யில் உள்ள முகவரி. வரி மிச்சம் பிடிக்கப் பொய் முகவரி கொடுத்துப் புதுச்சேரியில் பதிந்த சொகுசுக் கார்கள் உண்டு. பொய்த் தகவலில் பெற்ற பதிவை 55-வது பிரிவின்கீழ் ரத்து செய்யலாம். ஆர்.சி.யில் உள்ள ஓனரை நேரில் பார்க்க முடியாத வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 2009 மாடல் பி.எம்.டபிள்யூ. 325ஐ, பெட்ரோல். நெய்வேலி போகும்போது வெப்பக் குறி மஞ்சளாகி, சிவப்பாகிறது. பத்து நிமிடம் நிறுத்தினால் சரியாகிறது. கூலண்ட் குறையவில்லை. மெக்கானிக் ரேடியேட்டர் ஃபேனை மாற்றச் சொல்கிறார். – பண்ருட்டி வாசகர்

பதில்: ஃபேன் வாங்குவதற்கு முன் வாட்டர் பம்பைப் பாருங்கள். உங்கள் என்52 ஆறு சிலிண்டர் எஞ்சினில் வாட்டர் பம்ப் பெல்ட்டில் ஓடுவதில்லை, மின்மோட்டாரில் ஓடுகிறது. சொட்டு நீர்கூடக் கசியாமல் உள்ளிருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் போய் நின்றுவிடும், ஆறியதும் மறுபடி ஓடும். நீங்கள் சொல்வது அப்படியே அதுதான். ஸ்கேனரில் 2ஈ81 அல்லது 2ஈ82 கோடு இருந்தால் சந்தேகமே வேண்டாம். பம்பைச் சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள். பிளாக் மெக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்தது. ஒரு தடவை நன்றாகக் கொதித்தால் ஹெட் வளைந்துவிடும்.

பம்பையும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். ஒன்றுக்கு இறக்கிய கூலண்ட் இன்னொன்றுக்கும் ஆகும். பம்பைப் பிடிக்கும் போல்ட் அலுமினியம், ஒருமுறை கழற்றினால் புதுசுதான் போட வேண்டும். இரும்பு போல்ட் போட்டால் மெக்னீசியம் அரிக்கும்.

பலர் கோட்டை விடுவது காற்று இறக்குவதில். பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்த நீலக் கூலண்டை நிரப்பி மூடியை இறுக்குங்கள். பேட்டரிக்கு சார்ஜர் கொடுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். ஹீட்டர் வெப்பம் உச்சத்தில், ஃபேன் மிகக் குறைவில். ஆக்சிலரேட்டரைத் தரை வரை 10 வினாடி மிதித்து விடுங்கள். பம்ப் தானே ஓடத் தொடங்கி, ஏறக்குறைய 12 நிமிடத்துக்கு வேகத்தைக் கூட்டிக் குறைத்துக் காற்றைத் தள்ளும். நின்றதும் அளவைப் பார்த்து நிரப்புங்கள். இதைச் செய்யாமல் ஸ்டார்ட் செய்தால் புதுப் பம்ப் போட்டும் வண்டி கொதிக்கும். பழி பம்ப் மேல் விழும்.

வண்டியில் செருகிப் படிக்கும் ஓ.பி.டி. கருவியில் கூலண்ட் 105 டிகிரி காட்டினால் பதறாதீர்கள். மெதுவாகப் போகும்போது இந்த எஞ்சின் வேண்டுமென்றே அந்தச் சூட்டில்தான் ஓடும்.

கேள்வி: என் கணவர் துபாயில். மெர்சிடிஸ் சி-கிளாஸை விற்றுவிட்டு ஈ90 வாங்கினோம். வீடு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அருகில். வண்டி வாரக்கணக்கில் நிற்கிறது. என்ன பாதுகாப்பு? – வாசகி

பதில்: பாடி எளிதில் துருப்பிடிக்காது. உப்புக் காற்று முதலில் தாக்குவது ஏ.சி. கண்டென்சர், பிரேக் டிஸ்க், பின் டிஸ்க்குக்குள் இருக்கும் ஹேண்ட் பிரேக் ஷூ ஆகியவற்றை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடிப்பாகத்திலும் முன் கிரில் வழியாகக் கண்டென்சரிலும் நல்ல தண்ணீரை மெதுவான அழுத்தத்தில் அடியுங்கள். ஷாம்பூ தேவையில்லை. கழுவியதும் அப்படியே நிறுத்தாமல் ஒரு சுற்று ஓட்டி, ஆளில்லாத ரோட்டில் ஹேண்ட் பிரேக்கை லேசாக இழுத்தபடி கொஞ்ச தூரம் உருள விடுங்கள். ஷூவில் படிந்த துரு தேய்ந்துவிடும்.

வீட்டில் வேப்பமரம் இருந்தால் வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தை அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். அந்தச் சின்ன இலைகள் வடிகாலை அடைத்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். சன்ரூஃப் இருந்தால் திறந்து ஒவ்வொரு மூலையிலும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் ஒழுகி வர வேண்டும்.

பேட்டரி டிக்கியில் இருக்கிறது. சார்ஜ் இறங்கிய நிலையில் அவசரத்துக்கு ஜம்ப் ஸ்டார்ட் கொடுத்து லைட், ஜன்னல் கட்டுப்படுத்தும் மாடியூலைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய. சின்ன மெயின்டெனன்ஸ் சார்ஜர் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள். புதுப் பேட்டரி போட்டால் ஸ்கேனரில் பதிய வேண்டும். இல்லையென்றால் பழைய பேட்டரி என்றே நினைத்து சார்ஜ் ஏற்றும்.

கேள்வி: வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிப்பது எப்படி? – பாகூர் வாசகர்

பதில்: 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. 2023 மிக்ஜாம், 2015 சென்னை, கடலூர் வெள்ள வண்டிகளும் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. சீட் பெல்ட்டை முழுசாக இழுங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை தெரியும். சீட் ரெயில் போல்ட், டிக்கி தரைப் பலகைக்கு அடியில் பேட்டரி இருக்கும் இடம், கார்பெட்டுக்குக் கீழே உள்ள ஸ்பாஞ்ச், இந்த மூன்றையும் பாருங்கள். ஸ்பாஞ்சை அழுத்தினால் ஈரம் தெரிந்தாலும் மண் வாசனை வந்தாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கால் வைக்கும் இடத்துக்கு அருகிலேயே கம்ப்யூட்டர் மாடியூல்கள் இருக்கும் வண்டிகள் இவை.

கேள்வி: ரன்-ஃபிளாட் (காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும்) டயரை மாற்றிச் சாதாரண டயர் போடலாமா? – வில்லியனூர் வாசகர்

பதில்: போடலாம், குலுக்கல் நன்றாகக் குறையும். ஆனால் வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் கிட்டும் சிறிய ஏர் பம்பும் டிக்கியில் கட்டாயம். ரன்-ஃபிளாட்டைக் காற்றில்லாமல் ஓட்டியிருந்தால் பஞ்சர் ஒட்டாதீர்கள்; பக்கச் சுவர் உள்ளே வெந்திருக்கும். பழைய வண்டி வாங்கும்போது டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 3419 என்றால் 2019-ன் 34-வது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த டயருக்கு விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: அதே விலையில் ஆடி ஏ4 பெட்ரோலும் கிடைக்கிறதே? – லாஸ்பேட்டை வாசகர்

பதில்: 2008-க்குப் பிந்தைய ஏ4 டர்போ பெட்ரோலில் பிஸ்டன் ரிங் காரணமாக ஆயில் குடிக்கும் பழக்கம் உண்டு. அளவு வரை ஆயில் ஊற்றி 1,000 கி.மீ. ஓட்டிப் பார்க்காமல் தெரியாது. விற்பவர் அதற்கு விடமாட்டார். முன்சக்கர இயக்க ஏ4-ல் வரும் மல்டிட்ரானிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் வண்டியை நாங்கள் தவிர்க்கச் சொல்வோம். பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு.

கேள்வி: பாகங்களை ஷோரூமில்தான் வாங்க வேண்டுமா? – திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

பதில்: வேண்டியதில்லை. ஃபில்டர் மான் அல்லது மாலே, சஸ்பென்ஷன் லெம்ஃபோர்டர், ஷாக் அப்சார்பர் சாக்ஸ், வாட்டர் பம்ப் பியர்பர்க் என்று தயாரிப்பாளர் பெயர் சொல்லிக் கேட்டால் ஷோரூம் பெட்டியைவிடக் குறைவாகக் கிடைக்கும். 'ஜெர்மன் சாமான்' என்று மட்டும் சொல்லிப் பெயரில்லாத பெட்டியை நீட்டினால் வாங்காதீர்கள். ஆர்டர் கொடுக்கும்போது மாடல் பெயரை நம்பாமல் சேஸிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்துகளைக் கொடுங்கள். ஒரே வருடத்து இரண்டு 320டி-யில்கூட பாக எண் மாறும்.