கிராக் மென்பொருளும் பதிப்புரிமையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். சிறு கடைகளில் உரிமம் இல்லாத மென்பொருளைப் பயன்படுத்துவது பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். மாதச் சந்தா கட்டி மென்பொருள் வாங்கும் நிலையில் எங்களைப் போன்றவர்கள் இல்லை என்பதை நீங்கள் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை என்று எனக்குப் பட்டது. நான் ஒரு படி எடுத்துக்கொள்வதால் அந்த நிறுவனத்தின் கையிருப்பில் எதுவும் குறைந்துவிடுவதில்லை. பிறகு அது எப்படித் திருட்டாகும்?

இரண்டாவதாக, திறந்த மூல மென்பொருளுக்கு மாறச் சொல்கிறீர்கள். மூல நிரல், அதாவது மென்பொருளை எழுதிய வரிகள், எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது என்றால் திருடனுக்கும் அது திறந்துதானே கிடக்கிறது? அதை நம்பி வாடிக்கையாளர் வேலையை எப்படிச் செய்வது?

மூன்றாவது, உங்கள் கட்டுரைத் தொகுப்பின் பிடிஎஃப் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. மென்பொருளுக்கு ஒரு நியாயம், புத்தகத்துக்கு ஒரு நியாயமா? கடைக்கு மேலே உள்ள அறையில் என் தங்கை மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறாள். உங்கள் கட்டுரைகளில் இரண்டைப் படியெடுத்து அவர்களுக்குக் கொடுக்கலாமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

(பெயர் வேண்டாம்)
தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதல் கேள்வியில் பாதி எனக்கும் உடன்பாடுதான். மென்பொருளைப் படியெடுப்பதும் ஒருவர் வீட்டுப் பொருளைத் தூக்கிக்கொண்டு போவதும் ஒன்றல்ல. சட்டமும் இரண்டையும் வேறு வேறு இடத்தில்தான் வைத்திருக்கிறது. படியெடுப்பதைப் பற்றிப் பேசுவது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். ஆனால் அந்தச் சட்டத்தின் 63பி பிரிவை நீங்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். உரிமம் இல்லாத படி என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்துபவருக்குக் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. இலாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தாதவரை நீதிமன்றம் சிறையில்லாமல் அபராதத்தோடு விடலாம். கடை நடத்துபவருக்கு அந்தச் சலுகை இல்லை. இது அளவுக்கு மீறிய கடுமை என்பது என் கருத்து. பர்மா பஜாரில் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சினிமா சிடி விற்ற காலத்தில்கூட, அதை வாங்கிப் பார்த்தவரை யாரும் இப்படிக் குறிவைக்கவில்லை.

ஆகவே சட்டத்தைக் காட்டி உங்களை நான் மிரட்டப்போவதில்லை. என் மறுப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் குடியிருப்பவன் என்பதால் உங்களுடையதைப் போன்ற கடைகளுக்கு அடிக்கடி போகிறேன். மாலை ஆறு மணிக்குக் கடையில் நடப்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒருவர் தம் ஆதார் பிடிஎஃபைக் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புகிறார். கடைப்பையன் அதைக் கணினியில் இறக்கி, "பேரு, பொறந்த வருஷம் சொல்லுங்க" என்று கேட்கிறான். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் கடவுச்சொல் என்பதால் அவர் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறார். இரண்டு பிரதி அச்சாகிறது, காசு கொடுத்துவிட்டுப் போகிறார். கோப்பு மட்டும் போவதில்லை, டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தங்கிவிடுகிறது. அதற்குப் பக்கத்தில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பங்கள், மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்காகக் காசிமேட்டுக்காரர்கள் கொண்டுவந்த வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கங்கள் எல்லாம் கிடக்கின்றன. அந்த ஃபோல்டரில் உள்ள எதுவும் உங்களுடையதல்ல, உங்களை நம்பித் தெருவே விட்டுப்போனது.

அதே கணினியில்தான் கிராக், அதாவது மென்பொருளின் உரிமப் பூட்டை உடைக்கும் சிறு நிரல், நிறுவப்படுகிறது. அதனோடு வரும் குறிப்பில் பெரும்பாலும் முதலில் எழுதியிருப்பது, ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு நிறுவுங்கள் என்பதாகும். நிரலின் உட்பகுதியை மாற்றி எழுதும் எதையும் ஆன்டிவைரஸ் சந்தேகிக்கும் என்பதால், உண்மையிலேயே கிராக் மட்டுமாக இருந்தாலும் அது கத்தும், உள்ளே வேறொன்றை ஒளித்து வைத்திருந்தாலும் அதே குரலில்தான் கத்தும். இரண்டையும் பிரித்தறிய உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. நிர்வாகி அனுமதியோடு உள்ளே வரும் அந்த நிரல், பிரௌசரில் சேமித்துவைத்த கடவுச்சொற்களை எடுக்கலாம். நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளமாகப் பிரௌசர் வைத்திருக்கும் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகலாம். குக்கி போய்விட்டால் பல தளங்களில் ஓடிபி கேட்காமலே ஒருவர் உங்கள் பெயரில் உள்ளே நுழைய முடியும்.

இன்னொன்றும் உண்டு. கிராக் போட்ட கணினியில் அப்டேட் வந்தால் கிராக் வேலை செய்யாமல் போய்விடும் என்று பயந்து அப்டேட்டை நிறுத்தி வைப்பது நம் கடைகளில் வழக்கம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அடிபட்டவர்கள் பெரும்பாலும் அதை நிறுவாதவர்கள். பக்கத்து மாநிலமான ஆந்திரத்தின் காவல்துறைக் கணினிகளும் அதில் சிக்கின. ஆகவே அப்டேட்டை நிறுத்திவைத்த கடையில் மென்பொருளின் விலை மிச்சமாகிவிட்டது என்று நீங்கள் நினைத்தால், அந்த விலையைக் கவுன்டருக்கு எதிர்ப்பக்கம் நிற்பவரின் தலையில் கட்டிவிட்டீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

நிறுவனத்துக்கு எதுவும் குறையவில்லை என்கிறீர்கள். அது உண்மைதான், சொல்லப்போனால் அதற்கு இலாபமே. கிராக் போட்டுக் கற்றுக்கொண்ட பையன் வேலைக்குப் போகும் இடத்திலும் அதே மென்பொருளைத்தான் கேட்பான். விலை கொடுத்து விளம்பரம் செய்தாலும் கிடைக்காத விசுவாசம் அது. 2011-இல் அறிவிக்கப்பட்ட இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். அது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சீ-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கியது. கொருக்குப்பேட்டைப் பிள்ளைகள் பலர் முதல் வேலையாக அந்தப் பகுதியை அழித்து இடத்தைச் சினிமாவுக்கு ஒதுக்கினார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் பெட்டியை மட்டும் கொடுத்தால் அப்படித்தான் ஆகும்.

உங்கள் கடையில் இன்றும் பக்க வடிவமைப்புக்கான பேஜ்மேக்கர் 7 ஓடுகிறது என்று ஊகிக்கிறேன். அது 2001-இல் வந்தது, அதன் பிறகு சிறு திருத்தங்களைத் தவிர அதற்குப் புதிய பதிப்பே கிடையாது. நீங்கள் அடித்த பழைய கல்யாணப் பத்திரிகைகளும் கண்ணீர் அஞ்சலிகளும், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுக் குறியீடு தரும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள்தான் வரிசையாகத் தெரியும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கும் இடத்தில் எல்லாம் அரைப்புள்ளி நிற்கும். உங்கள் கையால் அடித்த உங்கள் வேலையைத் திறப்பதற்கே, நின்றுபோன ஒரு மென்பொருளையும், யாரோ ஒருவரின் எழுத்துருவையும், அவை இரண்டும் ஓடக்கூடிய ஒரு பழைய விண்டோஸையும் நீங்கள் கட்டிக் காக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவதில்லை. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடும் வழக்கமான ஆதரவு முடிந்தது. நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் இதே கதைதான். மூல நிரல் மூடியிருக்கும்போது, தயாரித்தவர் கைவிட்ட பிறகு அதைச் சரிசெய்யும் உரிமையோ வழியோ வேறு எவருக்கும் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் "கொ" என்று அடிக்கும்போது உள்ளே சேமிக்கப்படுவது முதலில் ககரமும் அடுத்து ஒகரக் குறியும்தான். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை ககரத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் நிறுத்துவது ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரல். ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் லிப்ரெஆஃபீஸும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்களைப் பைசா கொடுக்காமல், சட்டப்படியே, தொழிலுக்கும் பயன்படுத்தலாம். தமிழ் இன்று எல்லாத் திரைகளிலும் சரியாகத் தெரிவதில் பாதிப் பங்கு இப்படித் தம் நிரலைத் திறந்து வைத்தவர்களுடையது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். திண்டுக்கல் பூட்டின் உள்ளமைப்பு ஊரில் உள்ள பூட்டுத் தொழிலாளர் அனைவருக்கும் தெரியும். அதனால் உங்கள் வீட்டுப் பூட்டை அவர்கள் திறந்துவிட முடியாது, ஏனெனில் சாவி உங்களிடம் இருக்கிறது. செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் ஒரு மறைகுறியீட்டு முறையின் பாதுகாப்பு அதன் அமைப்பு ரகசியமாக இருப்பதை நம்பி நிற்கக் கூடாது, சாவி ரகசியமாக இருப்பதை மட்டுமே நம்பி நிற்க வேண்டும் என்று மறைகுறியீட்டு அறிஞர் கெர்க்காஃப்ஸ் 1883-லேயே எழுதிவிட்டார். இன்று வங்கிப் பரிவர்த்தனையைக் காக்கும் முறைகள் எல்லாம் வெளிப்படையாக அச்சிடப்பட்டவையே.

ஆனால் திறந்திருந்தாலே பாதுகாப்பு என்று மேடையில் முழங்குபவர்களோடு நான் சேர மாட்டேன். திறந்திருப்பதால் யார் வேண்டுமானாலும் பார்க்க முடியும் என்பது வேறு, யாராவது பார்க்கிறார்கள் என்பது வேறு. இணையப் பரிமாற்றத்தை மறைகுறியிட இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை இரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து 2014-இல்தான் வெளிப்பட்டது. 2024 மார்ச்சில் நடந்தது இன்னும் மோசம். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் நிரலை, பெரும்பாலும் ஒரே ஒருவர், சம்பளமில்லாமல் பராமரித்து வந்தார். அவர் சோர்ந்திருந்த நேரத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவ வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் லினக்ஸ் கணினிகளுக்குள் தொலைவிலிருந்தே நுழைவதற்கான கள்ளக் கதவு ஒன்றைச் செருகிவிட்டார். அதை இயக்கிவைக்கும் வரி பொதுக் களஞ்சியத்தில் இருந்த மூல நிரலில் இல்லை. வெளியிடுவதற்காகக் கட்டிவைத்த தொகுப்பில் மட்டும் இருந்தது. கதவின் உடல் சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் ஒளிந்திருந்தது.

பிடிபட்டது எப்படி என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியமானது. ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் வேறு ஏதோ ஒரு சோதனை செய்துகொண்டிருந்தபோது, உள்நுழைவு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். அவர் அந்த நிரலின் ஆசிரியர் அல்லர், யாரிடமும் அனுமதி கேட்கவும் இல்லை. நூல் பிடித்துக்கொண்டே போய் மூலத்தைப் பிரித்துப் பார்த்து, பரவலாக நிறுவப்படும் முன்பே ஊரைக் கூட்டிவிட்டார். மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் ஏதோ தாமதமாகிறது என்று ஒரு புகார் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பதற்கு மேல் அவரால் அதிகம் செய்திருக்க முடியாது. ஒருவர் தனியாகச் சுமந்த பாரத்தால் வந்த ஆபத்து அது. திறந்திருந்ததால்தான் வெளியாள் ஒருவரால் அதை நிறுத்த முடிந்தது.

உங்கள் கடைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்ல மாட்டேன். கடைகளில் அதிகம் காணப்படும் ஒரு பழைய லேசர் பிரிண்டருக்கு லினக்ஸில் டிரைவர் அமைப்பது பெரும் பாடு என்பதும், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் போன்றவற்றுக்கு விண்டோஸ்தான் எளிது என்பதும் எனக்குத் தெரியும். அவற்றுக்காக ஒரு கணினியை உரிமத்தோடு கூடிய விண்டோஸில் வைத்து, அப்டேட்டைத் திறந்து விடுங்கள். வாடிக்கையாளரின் பென்டிரைவும் வாட்ஸ்அப் கோப்பும் வரும் கணினியில் உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ போடுங்கள், இரண்டும் இலவச லினக்ஸ் இயங்குதளங்கள். பிடிஎஃப் அச்சடிக்கவும் விண்ணப்பம் நிரப்பவும் அது தாராளமாகப் போதும். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு ஜிம்ப் போதும். பத்திரிகை வடிவமைப்புக்கு இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் இரண்டையும் பழகக் கொஞ்ச நாள் ஆகும், ஆரம்பத்தில் எரிச்சலும் வரும். இரவு ஷட்டர் இறக்கும் முன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காலி செய்வதற்கு மட்டும் எந்த மென்பொருளும் தேவையில்லை.

இனி என் புத்தகம். நான் பதிப்புரிமைக்கு எதிரி என்று நீங்கள் எண்ணிவிட வேண்டாம். திறந்த மூல மென்பொருள் பலவற்றுக்கும் அடிப்படையான, நான் தூக்கிப்பிடிக்கும் ஜிபிஎல் உரிமமே பதிப்புரிமையின் மேல்தான் நிற்கிறது. இந்த நிரலை மாற்றிப் பிறருக்குக் கொடுத்தால் மாற்றிய மூலத்தையும் கொடு என்று அந்த உரிமத்தை எழுதிய ஸ்டால்மன் நிபந்தனை விதிக்க முடிந்தது, அந்த நிரலின் உரிமை சட்டப்படி அவரிடம் இருந்ததால்தான். எழுதியவரின் ஆயுள் முழுதும், அதன்பின் 60 ஆண்டுகளும் என்ற கால அளவுதான் எனக்கு நீளமாகப் படுகிறது. பேரப்பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினை முடியாமல் மறுபதிப்பே காணாமல் போன தமிழ் நூல்கள் எத்தனையோ உண்டு. பாரதியின் எழுத்துகளின் உரிமையை 1949-இல் அரசு எடுத்துக்கொண்டு பின்னர் பொதுவாக்கியதும், 1998 முதல் மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றிவருவதும் அந்த நோய்க்கு நம்மவர்கள் கண்ட மருந்துகள்.

பிடிஎஃப் விஷயத்தில் நான் பேசாமல் இருப்பதற்குக் காரணம், அதைப் பூட்டும் முறைகளை நான் அதைவிட அதிகமாக வெறுக்கிறேன் என்பது. 2009-இல் அமேசான், தான் விற்ற மின்னூல்கள் சிலவற்றை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. விற்றவருக்கே அவற்றை விற்கும் உரிமை இல்லை என்பது பிறகு தெரிந்ததாம். காகிதப் புத்தகத்தில் இப்படி நடந்தால் கடைக்காரர் வீட்டுக்குள் புகுந்து அலமாரியைத் துழாவியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட பூட்டு போட்டு என் புத்தகத்தை விற்பதற்குப் பதிலாக அது சுற்றிவிட்டுப் போகட்டும். ஆனால் அதே பிடிஎஃபை அச்சிட்டு, அட்டை போட்டு ஒருவர் விற்றால் நான் சும்மா இருக்க மாட்டேன். என் பதிப்பாளர் போட்ட முதலீட்டில் அவர் கைவைக்கிறார் என்று பொருள்.

உங்கள் தங்கைக்குத் தயக்கமே வேண்டாம். என் தளத்தில் உள்ள கட்டுரைகள், பிறர் படியெடுக்க எழுதியவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளவை, பெயரைப் போட்டு எத்தனை படி வேண்டுமானாலும் எடுக்கலாம். புத்தகத்தில் மட்டும் உள்ள கட்டுரை என்றாலும் கவலை இல்லை. பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு மீறலாகக் கருதுவதில்லை. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை ஒன்றின் மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் கடையின் பக்கம்தான் நின்றது. இரண்டு கட்டுரையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் நீங்கள் ஜெராக்ஸுக்குக் காசு வாங்குவீர்களா என்பது மட்டும் உங்கள் குடும்ப விவகாரம்.

அன்புடன்.